தக்கைப்பூண்டு பூத்த வருஷம்

காப்பிச் செடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. கவாத்து எப்போது, நிழல் எவ்வளவு, பழத்தை எந்தச் சிவப்பில் பறிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். படம் போட்டும் காட்டிவிட்டார்கள். அப்போது தூங்கியவர்களையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். குற்றம் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு வைத்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? அடுத்த வாரம் நீங்கள் மலைக்குப் போகிறீர்கள். சின்னச் சின்னக் காப்பித் தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து, மண்ணும் கெடாமல் வருமானமும் கூடுவதற்கு என்ன வழி என்று பேசப் போகிறீர்கள். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி நானும் அதைத்தான் பேசினேன். ஆனால் அந்தப் பேச்சை நான் கற்றுக்கொண்டது காப்பி ஒரு செடிகூட முளைக்காத ஊரில். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் ஊர் பழனி மலையின் கீழ்ச்சரிவு. அப்பாவுக்குக் கையகலக் காப்பித் தோட்டம். நடுநடுவே ஆரஞ்சும் பலாவும். காப்பிக் கன்று நட்டால் பலன் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா நட்டார், காத்திருந்தார், பட்டுப்போன இடத்தில் மறுபடியும் நட்டார். இதற்கெல்லாம் பெயர் பொறுமை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு பட்டா இருந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

படிப்பை முடித்து விவசாயத் துறையில் சேர்ந்ததும் என்னைத் தூக்கிப் போட்டது தஞ்சாவூர் ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யப் போகிறார்கள், பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது என்ற பேச்சு ஊர் ஊராகக் கிளம்பியிருந்தது. கூலிக்காகவும் நிலத்துக்காகவும் ஆட்கள் செத்த ஜில்லா அது. வரப்புக்கு இந்தப் பக்கம் சங்கத்தின் சிவப்புக் கொடி, அந்தப் பக்கம் பண்ணை ஆட்கள். நடுவே நான், சைக்கிளில், பையில் விதை மாதிரிகளோடு.

தனிமை என்றால் என்ன என்று எனக்கு அந்த ஊர்தான் சொல்லிக்கொடுத்தது. மலையிலிருந்து வந்தவன், என் ஜாதி என்ன, கட்சி என்ன என்று அவர்களால் பிடிக்க முடியவில்லை. மேலத்தெருவில் என்னைக் கொடிக்காரன் என்றார்கள். கீழத்தெருவில் பண்ணையின் ஆள் என்றார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். கடைத்தெருவில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். கேலியும் கிண்டலுமான மனுஷன். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்:

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்து உக்காந்தா பெஞ்சு காலியாயிடுது. யாவாரம் படுக்குது. கிளாஸை எடுத்தாந்து கையிலயே குடுத்துடறேன், சைக்கிள்ல நின்ன வாக்குல குடிச்சுட்டுப் போயிடுங்களேன்."

நானும் சிரித்தேன். அன்றிலிருந்து சைக்கிளில் நின்றபடியே டீ குடித்தேன்.

அந்த ஊரில் என்னை உட்காரச் சொன்ன ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். ஊரிலேயே பெரிய நிலம் அவருடையது. மேலவீட்டு ஐயா என்பார்கள். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் மெட்ராஸில். அத்தனை பெரிய வீட்டில் அவரும் ஒரு சமையற்காரரும் மட்டும். மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் காப்பி விளைகிற ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த குஷியைச் சொல்லி முடியாது. தினமும் விடிந்ததும் சமையற்காரர் டபரா டம்ளரில் நுரை ததும்ப மாடிக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பார். சாயங்காலம் கீழே போனால் ஐயா கேட்பார்:

"என்ன தம்பி, உங்க ஊர்க் கொட்டை நாக்குல தெரிஞ்சுதா?"

"சிக்கரிதாங்கய்யா தெரிஞ்சுது."

விழுந்து விழுந்து சிரிப்பார். மறுநாளும் அதே கேள்வி கேட்பார், நானும் அதே பதில் சொல்வேன். பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்போம். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் என் கை அழுகிப் போகும். நான் ஜுரத்தில் படுத்திருந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியது அவர் வீடுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். அங்கே கடல் பக்கத்து வயல்கள் பலவும் உவர் ஏறியவை. கோடையில் மண்மேல் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். நட்ட நாற்றில் பாதி கருகும். அதற்கு மருந்து தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரச் செடி. விதைத்து, இடுப்பளவு வளரவிட்டு, பூப்பதற்கு முன்னால் மடக்கி உழுது மண்ணோடு மண்ணாக்கிவிட வேண்டும். முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியாது. விடாமல் இரண்டு மூன்று வருஷம் செய்தால் உப்பு இறங்கி வயல் தேறிவிடும். செலவு குறைவு, மண்ணுக்கு நல்லது, விளைச்சல் கூடும். நீங்கள் இன்று மலையில் சொல்லப் போவதும் இதே ஜாதிச் சமாசாரம்தான்.

சொன்னேன். கூட்டம் போட்டுச் சொன்னேன். வளர்ந்த பயிரை மடக்கி உழுவது அவர்களுக்கு ஒப்பவில்லை. பயிரை மிதிப்பது பாவம் என்றார்கள். அதற்காக நானே ஒரு வாசகம் கட்டினேன்: "இதைப் பயிருன்னு நெனைக்காதீங்க. இது எரு. நின்னுக்கிட்டிருக்கற எரு." எல்லாக் கூட்டத்திலும் இதையே சொன்னேன். எனக்கே அது ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. மேலவீட்டு ஐயாகூட ஒருமுறை கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நல்லாச் சொல்றீங்க தம்பி" என்று பாராட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் விதைக்கவில்லை.

கடைசியில் காரணத்தைச் சொன்னவர் கலியபெருமாள். மேலவீட்டு நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். என்னைவிட மூத்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர். வரப்பில் என்னோடு நடந்து வந்தவர், சுற்றிலும் வெளியாள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்:

"சார், கோவிச்சுக்கப்படாது. நீங்க சொல்றது நல்லதுதான். ஆனா மூணாம் வருஷம் அந்த வயல்ல யாரு இருப்பாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டுவார்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, அந்த வருஷத்தின் முதல் உழவாக வயலில் ஒரு கோடு கீறிவிட்டு வருவது. மேலவீட்டு நிலங்களில் அதோடு இன்னொன்றும் நடக்கும். எந்தக் குத்தகைக்காரர் எந்த வயலில் கோடு கீற வேண்டும் என்று பண்ணையின் காரியக்காரர் கை காட்டுவார். அந்த வருஷம் அந்த வயல் அவருக்கு. அடுத்த சித்திரையில் கை வேறு பக்கம் காட்டும். ஒரே ஆள் ஒரே வயலில் நிலைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பதிவுப் பேச்சு கிளம்பிய பிறகு வந்த பழக்கம்தான். பூஜையோடு சேர்த்துவிட்டதால் யாரும் வாய் திறக்க முடியவில்லை.

ஆக, இன்று ஒருவன் உப்பை இறக்கினால் நாளை இன்னொருவன் அறுப்பான். இதைத் தெரிந்துகொண்டே எவன் விதைப்பான்? நான் அத்தனை கூட்டம் போட்டும் ஒருவர்கூட இதை என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் மாடிப்படி இறங்கி நேரே ஐயாவிடம் போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கலியபெருமாள் கையில் இருந்தது வடிகால் ஓரத்து உவர் வயல். ஊரிலேயே மட்டமானது. வேறு யாரும் ஏற்காததால் கை மாறாமல் அவரிடமே தங்கியிருந்தது. அவர் மனைவி தையல்நாயகி அன்று வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலேயே சொன்னார்:

"இந்த உப்புக்கு வேற யாரு போட்டிக்கு வரப்போறா? போட்டுத்தான் பாப்பமே. மாத்தினாத்தான் மாத்தட்டும்."

போட்டார்கள். முதல் வருஷம் உப்புக் கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் சம்பா எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைத் திட்டு திட்டாகக் கிடந்த வயல் ஒரே பச்சையாக நின்றது. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கலியபெருமாள் குதிரில் முதல்முறையாக நெல் மிஞ்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஐயாவிடம் அளந்து கொட்டினேன். அவரும் வயலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"உங்க பூண்டு கெட்டிக்காரப் பூண்டுதான் தம்பி" என்றார். "கலியபெருமாளுக்கும் நல்ல கைராசி. வர்ற நல்லேர்ல அவனைத் தெக்கால கெடக்கற உவர்த் தாக்குக்கு மாத்திடறேன். அதையும் இதே மாதிரி தேத்திக் குடுக்கட்டும். இந்த வயலை அடுத்த ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான்."

அவர் ஒரு பொருமலும் இல்லாமல், நல்ல யோசனை ஒன்றைச் சொல்லும் குரலில் சொன்னார். "ஐயா, அவரு பாடுபட்டுத் தேத்துன வயலுங்களே" என்றேன்.

"அதனாலதான் மாத்தறேன்" என்றார். "வெளைய ஆரம்பிச்ச வயல்ல மூணாவது வருஷமும் இருந்தான்னா, நாளைக்குக் கோர்ட்டுல வந்து நின்னு இது என் சாகுபடின்னுவான். தப்புன்னு சொல்ல மாட்டேன், அவன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எங்கப்பா எனக்குன்னு வச்சுட்டுப் போனது இந்த மண்ணுதான் தம்பி. இதையும் விட்டுட்டு நான் மெட்ராஸ்ல போயி, புள்ளைங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கவா?"

பாதி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னை நம்பிச் சொன்ன பேச்சு அது. அதைக் கொண்டுபோய்க் கீழத்தெருவில் கொட்டவும் மனம் வரவில்லை.

கொட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விளைந்த வயல் கையில் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியாதா? மாசி அறுவடை முடிந்த கையோடு கலியபெருமாள் என்னிடம் வந்து தக்கைப்பூண்டு விதை கேட்டார். வழக்கமாகக் கோடை மழைக்குப் பிறகு, தண்ணீர் வரும் சமயம் பார்த்துத்தான் விதைப்போம். "இப்பவேவா?" என்றேன். "ஈரம் இருக்குங்க சார்" என்றார். ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். பங்குனியில் யாரும் எதிர்பாராமல் ஒரு மழையும் பெய்தது. ஊர் முழுக்க வயல்கள் மொட்டையாகக் கிடக்க, வடிகால் ஓரத்தில் அந்த ஒரு வயல் மட்டும் பச்சையாக எழுந்து நின்றது.

நல்லேர் நாளுக்கு முன்னால் என் மேலதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. புதிதாகச் சேர்ந்தபோது அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. ஊர்க் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார், காம்பைக் கிள்ளுவார், சுண்ணாம்பு தடவுவார், மென்று முடித்துவிட்டுத்தான் பேசுவார். ஏன் சார் என்று கேட்டேன். "நாலு பேரு முன்னாடி கேக்கற கேள்வி, கேள்வி இல்லய்யா. அது என்னன்னு கண்டுபிடிக்கறதுக்கு நேரம் வேணாமா?" என்றார். எனக்கோ வெற்றிலைப் பழக்கம் இல்லை.

நல்லேர் அன்று காலை ஏர்கள் எல்லாம் களத்தில் பூஜை முடித்துக் கிளம்பின. ஐயா குடையோடு வரப்பில் நடந்தார், பக்கத்தில் காரியக்காரர், பின்னால் பண்ணை ஆட்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார், போயிருந்தேன். ஒவ்வொரு வயலாகக் கை காட்டிக்கொண்டே வந்தார்கள். கலியபெருமாளைத் தெற்கு உவர் வயலுக்குப் போகச் சொன்னார் காரியக்காரர். அவர் ஏரோடு நகராமல் நின்றார். வடிகால் ஓரத்து வயலுக்குக் கோடு கீற அடுத்த ஊர்க்காரர் தன் மாடுகளை ஓட்டி வந்தார். வரப்பேறியதும் அவரும் நின்றுவிட்டார்.

"பச்சை நிக்குதுங்களே" என்றார்.

"நின்னா என்ன? கீறுய்யா" என்றார் காரியக்காரர்.

"அடுத்தவன் பயிர்ல நான் ஏர் விட மாட்டேங்க. மாடு தங்காது. விதைச்சவன் அறுத்துக்கட்டும், அப்பறம் வாரேன்."

அந்தப் பக்கத்தில் அது எழுதாத சட்டம். விதைத்தவன்தான் அறுக்க வேண்டும். அறுக்கும்வரை அவனை அந்த வயலை விட்டு யாரும் கிளப்ப மாட்டார்கள். எந்தப் பண்ணையும் அதை மீறியதில்லை. தையல்நாயகி வரப்பின் அந்த முனையில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் மாசியில் ஏன் விதை கேட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அப்பால், சங்கத்து ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். பண்ணை ஆட்கள் கையில் தடி இருந்தது. சங்கத்தார் கையிலும் இருந்தது.

ஐயா பதற்றப்படவில்லை. "அது பயிர் இல்லப்பா, எரு. எருவுல ஏர் விடறதுக்கு என்ன?" என்றவர், என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் தினசரி சாயங்காலச் சிரிப்பே இருந்தது. "நம்ம தம்பிதான் கூட்டம் கூட்டமாச் சொன்னாரே, நின்னுக்கிட்டிருக்கற எருன்னு. நீங்களே சொல்லிடுங்க தம்பி. உங்களை விட இதைப் பத்தி யாருக்குத் தெரியும்? இது எருவா, பயிரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லோரும்.

எரு என்று சொன்னால் நான் சொன்னதையே நான் சொல்கிறேன். யாரும் குறை சொல்ல முடியாது. ஏர் இறங்கும். கலியபெருமாளின் மூன்றாம் வருஷம் இன்னொருவன் கைக்குப் போகும். அவருக்கு மறுபடியும் உப்பு. அதைப் பார்த்துக்கொண்டு வாய்க்காலுக்கு அப்பால் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா என்பது வேறு. பயிர் என்று சொன்னால் இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். அந்த ஊரில் இனிமேல் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது. அதோடு, என்னை உட்காரச் சொன்ன ஒரே மனிதரை அவர் ஆட்களின் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வெற்றிலை இல்லாததால் வயலில் இறங்கினேன். ஒரு செடியைப் பிடுங்கி வேரை உதறிப் பார்த்தேன். முடிச்சு முடிச்சாக நன்றாகவே பிடித்திருந்தது. அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நுனியைத் திருப்பிப் பார்த்தேன். மொட்டு இன்னும் கட்டவில்லை. இதற்குள் கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்டது செடியைப் பற்றி அல்ல. வரப்பேறி வந்து சொன்னேன்:

"ஐயா, பூக்கறதுக்கு முன்னாடி மடக்கி உழுதா இது எரு. விதைக்கு விட்டா பயிர். வருஷா வருஷம் பூண்டு விதை வெளியிலேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள பருவம் போயிடுது. அதனால இந்த வயலைத் துறைக்காக விதைக்கு விட்டிருக்கேன். முத்தி அறுக்கற வரைக்கும் இதுல ஏர் எறங்கக் கூடாதுங்க."

"நீங்க விட்டிருக்கீங்க?"

"ஆமாங்கய்யா. நான்தான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு போய்விட்டது, கோபம் என்று சொல்லும்படியும் எதுவும் வரவில்லை. வழியில் தெரியாத ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு காரியக்காரரிடம், "அப்ப பயிருதான். விதைச்சவனே அறுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடந்தார். தடிகள் தாழ்ந்தன. அடுத்த ஊர்க்காரர் நிம்மதியாக மாட்டைத் திருப்பினார்.

கலியபெருமாள் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். விதைக்கு விட்ட பூண்டு முற்றிக் கட்டையாகிவிடும், அதை உழுது மண்ணில் சேர்க்க முடியாது. அந்த வருஷம் மண்ணுக்கு ஒன்றும் போகாது, சம்பாவும் பிந்தும். அவரைக் கேட்காமலே அவருடைய ஒரு வருஷத்தை நான் செலவழித்துவிட்டேன். ஆனால் விதை அறுக்கும்போது ஆடி வந்துவிடும், நாற்றங்கால் விடும் நேரத்தில் யாரும் வயலை மாற்ற மாட்டார்கள். அவர் அதே வயலில் மூன்றாம் வருஷமும் இருப்பார். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் சொன்னது பொய்யா என்று சிலர் கேட்பீர்கள். மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகாரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"பூண்டு விதை வேணும்னு யாருய்யா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார்."

"இப்ப நான் சொல்றேன். வேணும்." மறுபடியும் மென்றார். "மாத்தலும் வரும். பொட்டியைக் கட்டி வச்சுக்க."

அறையைக் காலி செய்யச் சொல்லி ஐயா சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் அல்ல. மறுநாள் காலையில் காப்பி வரவில்லை, அவ்வளவுதான். விடிந்ததும் விழித்துக்கொண்டு மாடிப்படியில் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அடுத்த நாளும் காத்திருந்தேன். வராது என்று தெரிந்த பிறகும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் கீழே பேப்பர் புரளும் சத்தம் கேட்கும். இறங்கிப் போய், "சிக்கரிதாங்கய்யா" என்று சொல்லிவிட மாட்டோமா என்றிருக்கும். ஒருநாள் படியில் எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்கி வழிவிட்டு, "கீழ்ப்படி கல்லு ஆடுது, பாத்து எறங்குங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

கீழத்தெருவாவது சேர்த்துக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. கலியபெருமாள் என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு வரப்பில் திரும்பிவிடுவார். அவரும் நானும் பேசி வைத்துக்கொண்டு செய்தது என்று காரியக்காரர் சொல்லித் திரிந்துகொண்டிருந்தார். எங்களைச் சேர்த்து ஒருவர் பார்த்தாலும் போதும், பயிர் மறுபடியும் எருவாகிவிடும். அவர் செய்தது சரி. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் என்ன? பேச ஒரு முகம் இல்லாமல் அந்த வைகாசி முழுவதும் சைக்கிளை மிதித்தேன். சங்கத்துத் தலைவர் ஒருவர் மட்டும் வழிமறித்து, "நீங்க நம்ம ஆளுதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். நான் யாருடைய ஆளும் இல்லை என்றேன். அவரும் அதன்பிறகு பேசவில்லை.

மாற்றல் வந்தது. பிறகு இன்னும் சில ஊர்கள், கடைசியில் காப்பி மலை. பதிவு நடந்தபோது அந்த வடிகால் ஓரத்து வயலுக்குச் சாகுபடிதாரராகக் கலியபெருமாளின் பெயரே ஏறியது என்று பின்னாளில் மேலதிகாரி ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். மேலவீட்டு ஐயா மெட்ராஸுக்குப் போய்விட்டார் என்றும் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன், பாயசத்தைத் தொடவில்லை.

மலையில் நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. நிழல் மரம் நடுங்கள், மிளகுக் கொடி ஏற்றுங்கள் என்று சொல்வதற்கு முன்னால், இந்தத் தோட்டத்தில் மூன்றாம் வருஷம் நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டேன். கூட்டத்தில் கேட்கவில்லை, தனியாக, செடிகளுக்கு நடுவே நடக்கும்போது கேட்டேன். இருக்க மாட்டோம் என்று பதில் வந்தால் கன்று கொடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் நிலத்தின் பிரச்சினைக்கு அலைந்தேன். அதனால் என் கணக்கில் நட்ட மரங்கள் எப்போதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன, நிறையத் திட்டும் வாங்கினேன். நீங்களும் வாங்குவீர்கள். ஒருவருக்கு நல்லது நடக்கும்போது இரண்டு பக்கமும் உங்களைக் கைவிடக்கூடும். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பயிற்சியில் அதற்குப் படம் கிடையாது.

நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பிய நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். திருக்கடையூர் ரோட்டில் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். வழியனுப்ப யாரும் வரவில்லை, வருவார்கள் என்று நானும் நினைக்கவில்லை. அறுபதாம் கல்யாணம் முடித்துக் கோயிலிலிருந்து திரும்பும் ஒரு குடும்பம், மாலையும் பேரப்பிள்ளைகளுமாக ஒரே கூச்சல். எதிர்ப்பக்கத்துக் கடையில் பண்ணைக் காரியக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் நிஜமாகவே போகிறேனா என்று பார்க்க வந்திருக்கலாம்.

புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டை இறக்கிவிட்டு நின்றார்கள். ஒருவர் தையல்நாயகி. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவர் பக்கத்தில் நின்றவரிடம், ரோட்டுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பூ வந்துடுச்சுக்கா! மஞ்ச மஞ்சளா, வயலு முச்சூடும். ஒரு செடி விடல, அத்தனையும் பூத்து நிக்குது!"

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குடி சொல்றே? நான் அந்த வரப்புலதானே தெனமும் உன்கூட வரேன்?"

தையல்நாயகி புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.